சீழ்க்கைக்கு வந்த மீனும் எம் வீட்டுக் கண்ணாடித் தொட்டியும்

யேர்மனியில் வாழும் எம்மவர் இல்லங்களுக்குச் செல்லும்போது, வரவேற்பறையில் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் சுவாமிப் படங்களுக்கும் இடையே ஒரு கண்ணாடி மீன்தொட்டியைக் காண்பது அரிதன்று. நாய் வளர்ப்பதாயின் வரி கட்டவேண்டும். மழையிலும் பனியிலும் வெளியே கூட்டிச் செல்லவேண்டும். வீட்டுச் சொந்தக்காரருடன் பேசித் தீர்க்கவேண்டும். பூனை என்றால் அம்மாவுக்கு ஒத்துவராது. மீனுக்கோ இந்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. வழமையான அளவில் சிறு பிராணிகளை வைத்திருப்பது குடியிருப்போரின் உரிமைக்குள் அடங்குகின்றது. எனவே பிள்ளைகள் விடாப்பிடியாக நிற்கும்போது ஈற்றில் மீனே வீட்டுக்கு வருகின்றது.

வந்த மீன் எத்தனை நாள் இருக்கின்றது என்பதே கேள்வி. பல வீடுகளில் நாம் கண்டது ஒரே கதைதான். முதல் மாதத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாக மீன்கள் மிதக்கின்றன. சில மாதங்களில் தொட்டி நிலவறைக்குப் போய் உருளைக்கிழங்குப் பைகளுக்கும் பழைய சப்பாத்துகளுக்கும் நடுவே கிடக்கின்றது. அழும் பிள்ளைக்குப் பெற்றோர் கூறும் ஆறுதலும் ஒரே விதமானது: "மீன்தானே, அதுக்கு என்ன தெரியும்? வேற வாங்கலாம்." கடலையும் களப்பையும் பார்த்து வளர்ந்த எமக்கு மீன் என்பது முதலில் கறி. அதற்கு நோய் வரும், மருந்து கொடுக்கலாம், பழக்கலாம் என்று எண்ணியவர்கள் எம்மிடையே மிகச் சிலரே.

'அதுக்கு என்ன தெரியும்' என்ற அந்தக் கேள்வியை அறிவியலின் கேள்வியாக எடுத்துக்கொண்டு விடை தேடியவர்களில் முக்கியமான சிலர், நாம் இன்று வாழும் இந்நாட்டிலேயே பணியாற்றினார்கள். தொட்டி மீனின் உடல்நலம் பற்றி எழுதப் புகுந்த நாம் அவர்களிடமிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அது போகப்போக விளங்கும்.

1820ஆம் ஆண்டிலே லைப்சிக் நகரைச் சேர்ந்த ஏர்ண்ஸ்ட் ஹைன்றிஹ் வேபர் என்னும் உடற்கூற்றியலாளர், கெண்டை, கெளிறு போன்ற மீன்களின் காற்றுப்பைக்கும் உட்காதுக்கும் இடையே சங்கிலிபோலத் தொடுக்கப்பட்ட சின்னஞ்சிறு எலும்புகளை விவரித்தார். இன்றும் அவை அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. எலும்பு இருப்பது தெரிந்தது. ஆயினும் மீனுக்கு உண்மையில் கேட்குமா என்பதில் நூறாண்டுகளாக இணக்கம் ஏற்படவில்லை. றொஸ்ரொக் பல்கலைக்கழகத்தின் காது மருத்துவப் பேராசிரியர் ஒற்றோ கேர்னர், மீன்கள் செவிடு என்ற கருத்தையே கொண்டிருந்தார். மட்டக்களப்பு வாவியில் கல்லடிப் பாலத்தருகே நிலாக்காலத்தில் மீன் பாடும் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வாதம் சற்று வேடிக்கையாக இருக்கலாம். அங்கே பாடுவது மீனா, ஊரியா என்ற தகராறு இருந்ததேயன்றி, மீனுக்குக் காது உண்டா என்று எவரும் சண்டை பிடித்ததாகத் தெரியவில்லை.

அதே றொஸ்ரொக்கில் 1921இல் பேராசிரியராகப் பொறுப்பேற்றவர் கார்ல் பொன் பிறிஷ். தேனீக்களின் நடனத்தை விளக்கி 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவரே. அவரிடம் ஒரு கெளிற்று மீன் இருந்தது. பகல் முழுவதும் தொட்டியிற் கிடந்த குழாய்க்குள் ஒளிந்திருக்கும். பிறிஷ் ஒவ்வொரு முறையும் முதலில் சீழ்க்கையடித்து, அதன்பின்பே இரையை நீட்டினார். சில நாட்களின் பின் இரையின்றிச் சீழ்க்கை மட்டும் கேட்டபோதே மீன் குழாயைவிட்டு வெளியே வந்தது. அது கண்ணற்ற மீன் என்பதால் ஆளைப் பார்த்து வந்தது என்று கூற வழியில்லை. ஆராய்ச்சிக்காக அதன் பார்வை அகற்றப்பட்டிருந்தது. அந்தச் செய்கையை நாம் இங்கு புகழவில்லை. 1923இல், சீழ்க்கையடித்தால் வரும் ஒரு கெளிறு என்ற பொருள்பட அவர் எழுதிய கட்டுரை வெளியாயிற்று. கேர்னரும் நேரில் வந்து பார்த்து ஏற்றுக்கொண்டார். இதற்கு முன்னரே, மீன்களுக்கு நிறம் தெரியாது என்று சாதித்த மியூனிச் கண் வைத்தியர் ஒருவருடன் பிறிஷ் நீண்டகாலம் மல்லுக்கட்டி, குறித்த நிறத்தைத் தேடிச்சென்று இரை எடுக்கச் சிறு மீன்களைப் பழக்கி, அவை நிறத்தைப் பிரித்தறியும் என நிறுவியிருந்தார்.

வாசகர்கள் அறியவேண்டிய இன்னொன்றும் உண்டு. இந்தப் பிறிஷின் தாய்வழிப் பாட்டியார் யூத வம்சத்தவர் என்று கண்டுபிடித்து, 1941இல் நாசி நிர்வாகம் அவரைக் கலப்பினத்தவராக வகைப்படுத்திப் பதவிநீக்க முயன்றது. அக்காலத்தில் தேனீக்களை அழித்துக்கொண்டிருந்த நொசீமா நோயை ஆராய அவர் தேவைப்பட்டமையால் தப்பினார். பூர்வீகத்தைத் தோண்டிப் பார்த்து மனிதரைத் தரம்பிரிப்பது எவ்வாறிருக்கும் என்பதை எமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

அண்மைய ஆய்வுகள் இன்னும் தூரம் சென்றுள்ளன. முன்னைய மேற்கு யேர்மனியின் தலைநகராயிருந்த பொன் நகரின் பல்கலைக்கழகத்தில், ஆபிரிக்க ஏரி மீன்களுக்கும் நன்னீர்த் திருக்கைகளுக்கும் கணக்குக் கற்பித்தார்கள். நீல நிற வடிவங்களைக் காட்டினால் ஒன்றைக் கூட்டவேண்டும். மஞ்சள் நிற வடிவங்களைக் காட்டினால் ஒன்றைக் கழிக்கவேண்டும். விடைக்குரிய எண்ணிக்கை உள்ள வாசலால் நீந்திச் செல்லவேண்டும். எல்லா மீன்களும் தேறவில்லை. தேறியவை ஐந்துக்கு உட்பட்ட எண்களில் பெரும்பாலும் சரியாகவே சென்றன. 2022இல் வெளியான ஆய்வு இது. தங்கமீனுக்கு மூன்று விநாடி ஞாபகம் என்று பிள்ளைகள் பாடசாலையிற் கேட்டுவரும் கதையைக் குப்பைக்கூடையிற் போட்டுவிடலாம்.

சரி, எம் வீட்டு மீன் கணக்குப் படித்து என்ன செய்யப்போகின்றது? நியாயமான கேள்வி. நாம் சொல்லவருவது, பழக்கப்பட்ட மீனுக்கே ஒழுங்காக வைத்தியம் செய்யலாம் என்பதுதான். பேசாத, கத்தாத, தொட்டுப் பார்க்க முடியாத பிராணி அது. அதன் நோயை அறிய எமக்குள்ள ஒரே வழி, நாள்தோறும் அதை ஒரே இடத்துக்கு அழைத்து ஒரு நிமிடமாவது உற்றுப் பார்ப்பது.

செய்முறை எளிது. சிவப்பு நிறப் பிளாஸ்ரிக் கரண்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே நேரத்தில், தொட்டியின் முன்பக்க மூலையில் அதை நீரில் அமிழ்த்துங்கள். சில விநாடிகள் பொறுத்து அதே இடத்தில் சிறிதளவு இரை இடுங்கள். கரண்டி முதலில், இரை பின்னர். இந்த வரிசை மாறக்கூடாது. ஓரிரு வாரங்களில் மீன்கள் கரண்டியைக் கண்டதுமே மூலையிற் கூடும். இரவில் நடமாடும் கெளிற்று வகைகளுக்கு விளக்கணைத்த பின்னர் தனியாகச் செய்யவேண்டும். இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று முடிப்பதற்கு மேல் இரை இடவேண்டாம். வந்தவருக்கு வயிறுமுட்டப் பரிமாறுவது எமது பண்பாடு. தொட்டியில் அப்பண்பாடு கொலைக்குச் சமம். கண்ணாடியில் விரலால் தட்டி அழைப்பதும் வேண்டாம். வேபர் கண்ட அந்த எலும்புகள் உள்ள மீனுக்கு அது தலைக்குள் பறை அடிப்பது போன்றது.

கரண்டிக்கு வரப் பழகிய மீன் ஒருநாள் வராவிட்டால், அதுவே முதல் அறிகுறி. வந்தாலும் பாருங்கள்: செட்டைகளை உடலோடு ஒட்டி மடித்திருக்கின்றதா? எம்மூரில் பூ என்று சொல்லும் செவுள் வழமையைவிட வேகமாக அடிக்கின்றதா? நீர்மட்டத்தில் வாயைப் பிளந்து காற்றைத் தேடுகின்றதா? கல்லிலும் செடியிலும் உடலை உரசுகின்றதா? வயிறு ஒட்டி மலம் வெள்ளை நூலாகத் தொங்குகின்றதா? இத்தகைய குறிகளை உரிய வேளையிற் கண்டால் பெரும்பாலான மீன்களைக் காப்பாற்றலாம். மிதக்கும்போது கண்டு பயனில்லை.

குறி தெரிந்ததும் மருந்துப் போத்தலைத் தேடி ஓடுவது எம்மவர் வழக்கம். முதலிற் பார்க்கவேண்டியது நீரை. முதல் மாதச் சாவுகளுக்குப் பெரும்பாலும் காரணம் கிருமியன்று. மீனின் கழிவிலும் மிச்ச இரையிலும் இருந்து அமோனியா உண்டாகின்றது. அதனை ஒருவகைப் பற்றீரியாக்கள் நைத்திரைற்று என்னும் பொருளாகவும், மற்றொரு வகை அதனைப் பெரிதும் தீங்கற்ற நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இப்பற்றீரியாக்கள் இல்லை. வடிகட்டியில் அவை குடியேறிப் பெருக மூன்று முதல் ஆறு வாரங்கள் செல்லும். இடைப்பட்ட காலத்தில் நைத்திரைற்று ஏறி, மீனின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கின்றது. நீர் பளிங்குபோலத் தெளிந்திருக்கும். மீன் மூச்சுத்திணறிச் சாகும். சனிக்கிழமை தொட்டியும் வாங்கி அன்றே மீனும் வாங்கி விடுவதன் விளைவு இதுவே. தொட்டியில் மணலும் செடியும் நீரும் இட்டு, வடிகட்டியை ஓடவிட்டு, மீனின்றி ஒரு மாதம் காத்திருக்கவேண்டும். பிள்ளைகளுக்கு இது பெரும் சோதனைதான். நாள்தோறும் துளிச் சோதனைக் குப்பியால் நைத்திரைற்றை அளந்து கொப்பியில் எழுதும் வேலையை அவர்களிடமே ஒப்படைத்தால் பொறுமை வரும். ஒரு லீற்றருக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து; மீன் இருக்கும் தொட்டியாயின் உடனே பாதி நீரையாவது மாற்றவேண்டும். வடிகட்டிப் பஞ்சைச் சூடான குழாய்நீரிற் சவர்க்காரம் போட்டுக் கழுவும் சுத்தக்காரர்கள் எம்மிடையே உண்டு. அவர்கள் கழுவிவிடுவது அழுக்கையன்று, பற்றீரியாக்களை. தொட்டியிலிருந்து எடுத்த நீரில் மெல்லப் பிழிந்தாற் போதும்.

இந்நாட்டுக் குழாய்நீரில் பெரும்பாலான இடங்களில் குளோரீன் மணம் இராது. அது ஒரு வசதி. ஆனால் நீரின் கடினம் ஊருக்கு ஊர் மாறும். வூப்பெற்றால் பக்கத்தில் நீர்த்தேக்க நீர் மென்மையானது. வூர்ஸ்பேர்க்கில் கேத்தலில் சுண்ணாம்பு படியும் அளவுக்குக் கடினமானது. உங்கள் நகர நீர்வழங்கல் நிறுவனத்தைக் கேட்டால் அளவைச் சொல்லவேண்டியது அவர்கள் கடமை. 8.4 பாகைக்குக் குறைந்தால் மென்நீர், 14 பாகைக்கு மேற்பட்டால் வன்நீர். அதற்கேற்ற மீனைத் தெரிவு செய்யுங்கள். இங்குள்ள கடைகளில் எமது தீவின் மீன்களும் உண்டு. 1929இல் தெரணியகல விவரித்த செந்நிறச் சிறு கெண்டையும், சிங்களத்தில் வெற்றிலை மெல்லி என்று பொருள்படும் பெயருடைய கருஞ்செம்மைக் கெண்டையும் தென்னிலங்கை ஓடைகளின் மென்நீருக்கு உரியவை. இன்று விற்கப்படுபவை பெரும்பாலும் தொட்டியிற் பிறந்து வளர்ந்தவையாதலால் சற்றுக் கடினமான நீரையும் தாங்கும்.

தொட்டியின் அளவு பற்றி ஒரு வார்த்தை. 60 சென்ரிமீற்றர் நீளமும் 30 அகலமும் 30 உயரமும் கொண்ட 54 லீற்றர் தொட்டியே சிறு மீன்களுக்கு நாம் சொல்லும் ஆகக்குறைந்த அளவு. தங்கமீனை உருண்டைக் கிண்ணத்தில் வைப்பது சித்திரவதை. ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ என்பதையும் மறக்கவேண்டாம். பழைய மரத்தளம் உள்ள மாடி வீடுகளில் பெருந்தொட்டி வைக்குமுன் விசாரியுங்கள். கீழ்வீட்டுக்காரரின் கூரையால் நீர் ஒழுகினால் பொறுப்பு உங்களுடையதே. காப்புறுதிப் பத்திரத்தையும் ஒருமுறை வாசியுங்கள்.

உண்மையான நோய்களுள் எல்லா வீட்டுக்கும் ஒருநாள் வந்து சேர்வது வெண்புள்ளி நோய். உப்புத் தூவியதுபோல உடலிலும் செட்டையிலும் புள்ளிகள் தோன்றும். தோலுக்கடியில் ஒற்றைக்கல உயிரி ஒன்று இருந்து தின்கின்றது. வளர்ந்ததும் உதிர்ந்து அடியில் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கிற் பெருகி, மீண்டும் நீந்தி மீனைத் தேடுகின்றது. மருந்து வேலை செய்வது நீந்தித் திரியும் அந்தச் சிறு இடைவேளையில் மட்டுமே. இதை அறியாதவர்கள் புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துகின்றனர். புள்ளி மறைவது சுகமாவதாலன்று, உயிரி உதிர்வதால். சில நாட்களில் பன்மடங்காகத் திரும்பி வரும். மருந்துத் தாளிற் கூறிய நாட்கள் முழுவதும் இடவேண்டும். வடிகட்டியிற் கரி இருந்தால் அது மருந்தை உறிஞ்சிவிடுமாதலால் எடுத்துவிடவேண்டும். காற்றுப் பம்பியை ஓடவிடவேண்டும். புதிதாக வாங்கும் மீனைச் சில வாரங்கள் வேறு சிறு தொட்டியில் வைத்துப் பார்த்தால் இத்தொல்லை பெரும்பாலும் வாராது.

நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றவேண்டிய வேளையிலே பழக்கத்தின் பயன் முழுமையாகத் தெரியும். வலையுடன் துரத்தினால் மீனின் வழுவழுப்பான மேற்படை உரிந்து புதுக் கிருமிக்கு வாசல் திறக்கின்றது. 1938இல் அதே பிறிஷ் கண்டறிந்தபடி, கெண்டை இன மீனின் தோல் காயப்பட்டால் நீரில் ஒரு பொருள் கலக்கின்றது. அதனை உணர்ந்த கூட்டம் முழுவதும் வெருண்டோடுகின்றது. ஒன்றைப் பிடிக்கப்போய் எல்லாவற்றையும் நோயாளியாக்குகின்றோம். இதற்கு மாற்றாகக் கரண்டியை ஒளிபுகும் சிறு பெட்டிக்குள் வைத்து, அதனுள் இரையெடுக்க முன்கூட்டியே பழக்கிவிட்டால், நோய் வரும் நாளில் பெட்டியைத் தூக்கினால் போதும். மணியைப் போன்ற வடிவில் மீன்பிடி கண்ணாடி ஒன்றும் இங்கு கடைகளில் விற்கின்றது. பெரிய நீர்வாழ் காட்சிசாலைகளில் சுறாவையும் திருக்கையையும் பரிசோதிப்பதும் இம்முறையிலேதான்: குறித்த வடிவப் பலகையைக் கண்டதும் தாமாக வரப் பழக்கியிருக்கின்றார்கள்.

ஊரிலிருந்து எவரோ கொண்டுவந்த ரெற்றாசைக்கிளின் குளிசையை உடைத்துத் தொட்டியிற் கொட்டும் பழக்கத்தை நாம் வன்மையாக எதிர்க்கின்றோம். அது வடிகட்டியின் நல்ல பற்றீரியாக்களையும் கொன்று, எதிர்ப்பாற்றல் கொண்ட கிருமியை வளர்க்கும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இந்நாட்டில் மிருக வைத்தியரின் சீட்டின்றிக் கிடையா. மீனுக்கு வைத்தியரா என்று சிரிக்கவேண்டாம். ஹனோவர் மிருக வைத்தியக் கல்லூரியிலும் மியூனிச் பல்கலைக்கழகத்திலும் மீன்நோய்க்கெனத் தனிப் பிரிவுகளே உள்ளன.

உணவகச் சமையலறைகளில் வேலை செய்யும் எம்மவருக்கு ஒரு தனி எச்சரிக்கை. கையில் வெட்டுக்காயத்துடனோ சுட்ட புண்ணுடனோ தொட்டிக்குள் கைவிடாதீர்கள். மீன்களுக்குக் காசநோய் போன்றதை உண்டாக்கும் ஒரு கிருமி காயத்தின் வழியே மனிதத் தோலிலும் தொற்றும். ஆறாத கட்டியாக விரலிலிருந்து முன்கைக்கு ஏறலாம். சாதாரண மருந்துக்கு மசியாது. வைத்தியரிடம் சென்றால் வீட்டில் மீன்தொட்டி உண்டு என்பதை மறவாது கூறவேண்டும். சொன்னால்தான் ஆய்வுகூடத்தில் அதற்குரிய 30 பாகை வெப்பநிலையில் கிருமியை வளர்த்துப் பார்ப்பார்கள். வழமையான 37 பாகையில் அது சரிவர வளராது.

தேறாத மீனை உயிருடன் கழிப்பறையிற் போட்டு நீரை இழுத்து விடுவது சட்டவிரோதம். இந்நாட்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டம் மீனையும் முதுகெலும்புள்ள பிராணியாகவே கொள்கின்றது. 2002இல் விலங்குப் பாதுகாப்பு அரசியலமைப்பிலும் இடம்பெற்றது. உணர்விழக்கச் செய்யாமல் கொல்வது குற்றம்; வைத்தியரின் உதவியைக் கேளுங்கள். ஏரியிலோ ஆற்றிலோ விடுவதும் தடைசெய்யப்பட்டதே. குளிரிற் சாகும் என்பது மட்டுமன்று, சாகாமலும் போகலாம். கெல்ன் நகருக்கு அண்மையில் நீடராவுசெம் அனல்மின் நிலையத்தின் வெந்நீர் கலக்கும் கில்பாஹ் ஓடையில், எவரோ கொண்டுபோய் விட்ட கப்பி மீன்கள் பல்லாண்டுகளாகப் பரம்பரை பரம்பரையாக வாழ்கின்றன. பிறிஷின் சீழ்க்கைக்கு வந்த கெளிறுகூட வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட இனந்தான்.

16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெற்றோர் சம்மதமின்றி மீன் விற்கக்கூடாது என்பதும் அதே சட்டம். ஆகவே கடைக்குப் பிள்ளையைத் தனியே அனுப்பாது நீங்களும் செல்லுங்கள். விற்பவர் உங்கள் தொட்டியின் அளவையும் நீரின் கடினத்தையும் விசாரிக்காமலே மீனைப் பையிற் போட முற்பட்டால், வேறு கடை பாருங்கள். அதனிலும் மேலானது உள்ளூர் மீன்வளர்ப்போர் சங்கம். 1911இல் தொடங்கிய நாடளாவிய கூட்டமைப்பின் கீழ் அநேக நகரங்களில் இத்தகைய சங்கங்கள் உண்டு. அங்கத்தினர் தாம் வளர்த்த குஞ்சுகளைச் சந்தை நாட்களில் மலிவாகக் கொடுப்பார்கள்; பராமரிப்பு அறிவுக்கான பரீட்சைக்கும் வழிகாட்டுவார்கள். கூடுவோரில் முதியவர்கள் அதிகம். மீனைப் பற்றிக் கேட்டால் நிறுத்தாமற் பேசுவார்கள். யேர்மன் மொழி வகுப்பில் நான்கு மாதம் வாய் திறவாத ஒருவர் அங்கே வடிகட்டிப் பஞ்சைப் பற்றி அரைமணி நேரம் வாதாடியதை நாம் பார்த்திருக்கின்றோம்.